நேப்பிள்ஸ்: எதை எப்போது சாப்பிடுவது, எதை எப்போது பார்ப்பது

இத்தாலியின் நேப்பிள்ஸுக்கு ஒன்றரை நாள் ஒதுக்கி, அதில் ஒரு நாளை எரிமலை புதைத்த ரோம நகரான பொம்பேய்க்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஊரைச் சுற்றிவிடலாம் என்று போகிறவர்களுக்குக் கிடைப்பது கூட்டமும் ஆறிப்போன பீட்சாவும்தான். இந்த ஊரில் நல்ல பண்டம் எதற்கும் ஆயுள் குறைவு. பீட்சாவுக்கு ஐந்து நிமிடம், எஸ்பிரெசோவுக்கு இரண்டு நிமிடம், ஸ்ஃபோலியதெல்லா என்ற இனிப்புக்கு அதன் சூடு ஆறும்வரை, எருமைப்பால் சீஸான மொசரெல்லாவுக்கு ஒரு நாள். பார்க்க வேண்டிய இடங்களும் கிழமையும் மணியும் பார்த்தே கதவு திறக்கும். எந்தக் கடை சிறந்தது என்பதை விட எந்த நேரத்தில் எங்கே நிற்கிறோம் என்பதே இங்கே முக்கியம். குறைந்தது மூன்று முழு நாள் வேண்டும்.

பீட்சா

நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு எழுதி வைத்த விதிகள் உண்டு. 1984-இல் தொடங்கிய பீட்சா சங்கம் ஒரு விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் பாரம்பரிய உணவாகப் பதிவு செய்தபோது அதற்கும் அளவுகள் குறிக்கப்பட்டன. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 55 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட், சுமார் 1.8 கிலோ மாவு. ஒரு உருண்டை 180 முதல் 250 கிராம். விட்டம் 35 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. நடுப்பகுதி கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர், விளிம்பு 1 முதல் 2 செ.மீ. விறகடுப்பின் தளம் ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ். பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 நொடிகள். 2017-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்ததும் பீட்சா செய்பவரின் கைத்திறனைத்தான்.

சாப்பிடுபவர் நினைவில் வைக்க வேண்டியது அந்த 90 நொடிக் கணக்கு. அவ்வளவு சூட்டில் அவ்வளவு குறைந்த நேரம் வேகும்போது மாவின் வெளிப்புறத்தில் கரும்புள்ளிகள் விழும், உள்ளே ஈரம் தங்கிவிடும். அதனால் நடுப்பகுதி மொறுமொறுவென்று இருக்காது. தக்காளிச் சாறு, சீஸ் விட்ட நீர், ஆலிவ் எண்ணெய் மூன்றும் நடுவில் குளமாக நிற்கும். இதைப் பார்த்து வேகவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. உண்மையிலேயே வேகாததை விளிம்பில் கண்டுபிடிக்கலாம். பிய்த்துப் பார்த்தால் உள்ளே பெரிதும் சிறிதுமாகத் துளைகள் இருக்க வேண்டும். பசைபோல் விரலில் ஒட்டினால் அது வேகாத மாவு. அடிப்பாகத்தையும் தூக்கிப் பாருங்கள். அங்கங்கே புள்ளி புள்ளியாகக் கருத்திருந்தால் சரி. அடி முழுக்கக் கருத்துக் கசந்தால், உதறாத உலர் மாவு தளத்தில் எரிந்திருக்கிறது, அல்லது திருப்பும்போது பீட்சாவை அடுப்பின் வேறு சூடான இடத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள்.

முதல் பீட்சா மரினாராவாக இருக்கட்டும். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான்; சீஸ் கிடையாது, மீனும் கிடையாது. மாவும் தக்காளியும் எப்படி இருக்கின்றன என்பதை மறைக்க அதில் எதுவும் இல்லை. அந்தக் கடையின் தரத்தைக் காட்ட அதைப்போல் வேறொன்று இல்லை. பட்டியலில் விலை குறைந்ததும் பெரும்பாலும் அதுவே. அடுத்து மார்கரீட்டா. அதில் பசும்பால் சீஸான ஃபியோர் தி லாத்தே வேண்டுமா, எருமைப்பால் மொசரெல்லா வேண்டுமா என்பது தனிக் கேள்வி. எருமைப்பால் என்றால் உயர்வு என்று எண்ணிக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். அதில் நீர் அதிகம். முன்கூட்டியே வடியவிடாத கடையில் பீட்சாவின் நடுப்பகுதி கஞ்சியாகிவிடும். பீட்சாவின் மேல் ஃபியோர் தி லாத்தே, தட்டில் தனியாக எருமைப்பால் மொசரெல்லா: இரண்டும் அவையவை சேர வேண்டிய இடம் அதுதான்.

வெட்டித் தர மாட்டார்கள். கத்தியும் முள்கரண்டியும் கொண்டு ஈரமான நடுப்பகுதியிலிருந்து தொடங்குங்கள். நடு குறைந்த பிறகு, மிச்சத்தைத் துண்டாக்கி, நுனியை உள்ளே மடித்துக் கையில் எடுக்கலாம். படம் எடுத்து முடிப்பதற்குள் சீஸ் இறுகத் தொடங்கிவிடும். ஒருவருக்கு ஒன்று என்பதே வழக்கம். இரண்டு பேர் இரண்டு வகை வாங்கி மாற்றிக்கொள்ள நினைத்தால், அடுத்தடுத்து வரும்படி கேளுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் ஒன்று ஆறும்.

கடைகள். 1870 முதல் நடக்கும் தா மிக்கேலே, பட்டியலைச் சுருக்கி வைத்திருப்பதற்குப் பெயர் பெற்றது: மார்கரீட்டா, மரினாரா, அவற்றை ஒட்டிய ஒன்றிரண்டு. தட்டை மீறித் தொங்கும் அகலமான, மெல்லிய பீட்சா, எண்ணெய் தாராளம். பழைய நகரின் வியா தெய் த்ரிபுனாலி தெருவில் சோர்பில்லோவும் தி மத்தேயோவும் இருக்கின்றன. மாத்தெர்தேய் பகுதியின் ஸ்தாரீத்தாவில் மொந்தனாரா சாப்பிட வேண்டும்: மாவை முதலில் எண்ணெயில் பொரித்து, மேலே தக்காளியும் சீஸும் வைத்து அடுப்பில் ஒரு நொடி காட்டி எடுப்பது. பொரித்தது என்பதே தெரியாத அளவுக்கு மிருதுவாக இருந்தால் எண்ணெயின் சூடு சரியாக இருந்திருக்கிறது. கடித்ததும் எண்ணெய் வழிந்தால் சூடு போதவில்லை.

பெயர்பெற்ற கடைகளில் வாசலில் நிற்பவரிடம் எண் வாங்கிக்கொண்டு, அல்லது பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாசல் கூட்டத்தைப் பார்த்து வரிசை என்று நினைத்து, எண் வாங்காமலே நிற்பவர்கள் நிறைய. நெரிசல் மதியம் ஒன்று முதல் இரண்டரை வரை, இரவு எட்டு முதல் பத்து வரை. கதவு திறக்கும் நேரத்துக்குப் போனால் காத்திருப்பு பாதியாகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தக் கடைக்காகவும் நிற்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. இந்த ஊரில் சாதாரணத் தெருக்கடையின் தரமே உயர்வு. கூட்டமில்லாத கடையில் அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வருவது, புகழ்பெற்ற கடையில் பசி மீறி நின்று வாங்குவதைவிட மேல்.

பெட்டியில் வாங்கிக்கொண்டு அறைக்குப் போகாதீர்கள். மூடிக்குள் ஆவி தங்கி மாவு ரப்பராகிவிடும். நடந்துகொண்டே சாப்பிட வேண்டுமானால் அதற்கென்றே செய்யும் போர்த்தஃபோல்யோ இருக்கிறது: கடை முகப்பின் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நான்காக மடித்துத் தாளில் சுற்றித் தருவார்கள். சிறியது, விலையும் சில்லறைதான். பெட்டியில் வெகு நேரம் கிடந்ததைத் தராமல் புதிதாக அடுக்கும்போது வாங்குங்கள். அடுக்கும் ஆள் தட்டோடு வருவது வெளியிலிருந்தே தெரியும்.

பீட்சா வகுப்பு: எதைப் பார்த்துப் பணம் கட்டுவது

இரண்டு மூன்று மணி நேர வகுப்புகள் ஊர் முழுக்க விற்கப்படுகின்றன. பாதி, வெறும் படம் எடுக்கும் நிகழ்ச்சிகள். நல்லதைப் பிரித்தறிய மூன்று கேள்வி போதும்.

முதலாவது, மாவு எப்போது பிசைந்தது? பதிவு பெற்ற முறைப்படி மாவு முதலில் சுமார் இரண்டு மணி நேரமும், உருண்டையாக்கிய பின் நான்கு முதல் ஆறு மணி நேரமும் பொங்க வேண்டும். நீங்கள் பிசைந்த மாவையே அதே வகுப்பில் சுட்டுத் தருவோம் என்று யாராவது சொன்னால், ஈஸ்டைக் கூட்டிப் போட்டு அவசரப்படுத்துகிறார்கள்; அது வயிற்றிலும் தெரியும். சரியான வகுப்பில் உங்களைப் பிசைய வைத்துப் பதம் காட்டிவிட்டு, சுடுவதற்கு முன்பே பொங்கி இருக்கும் உருண்டையைக் கையில் கொடுப்பார்கள்.

இரண்டாவது, விறகடுப்பா? வீட்டு மின்னடுப்பு 250 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். அதில் வருவது வேறு பண்டம். மூன்றாவது, ஒவ்வொருவரும் தன் பீட்சாவைத் தானே பரப்பி, தானே அடுப்பில் விடுவார்களா, அல்லது பதினைந்து பேர் சுற்றி நின்று பார்ப்பார்களா? பீட்சா சங்கமே கப்போதிமோந்தேயில் உள்ள தன் இடத்தில் ஆர்வலர்களுக்கும் கற்றுத்தருகிறது. சங்கம் நடத்துவதில் பேச்சைவிடக் கைவேலைக்கே முக்கியத்துவம்.

கையில் உருண்டை வந்ததும் நேரும் தவறுகள் எல்லோருக்கும் ஒன்றே. மாவு சுருங்கிச் சுருங்கித் திரும்பினால் அது இன்னும் குளிர்ந்திருக்கிறது, அல்லது உருட்டி வெகு நேரமாகவில்லை. பத்து நிமிடம் விடுங்கள், இழுத்துச் சண்டை போட வேண்டாம். விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளியே அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றை விளிம்புக்குத் தள்ள வேண்டும்; கடைசி ஒன்றரை செ.மீ.யை விரல் தொடக் கூடாது. உருட்டுக்கட்டை போட்டால் அந்தக் காற்று முழுக்கப் போய், விளிம்பு எழும்பாது. தக்காளி 70 முதல் 80 கிராம், சீஸ் 80 முதல் 100 கிராம். ஆசைக்குக் கூட்டினால் நடுப்பகுதி கிழிந்து, பீட்சாவை அடுப்பில் விடும் துடுப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். மேலே எல்லாம் வைத்த பிறகு துடுப்புக்கு மாற்றுவதில் தயங்கக் கூடாது. ஈரம் அடிவரை இறங்க அரை நிமிடம் போதும். அடுப்பில் முப்பது நொடி கழித்துச் சிறு துடுப்பால் திருப்பும்போது அதே இடத்தில் வைத்துத் திருப்புங்கள். அந்த இடத்தின் சூட்டை மாவு ஏற்கெனவே இழுத்திருக்கும். பக்கத்துத் தளம் முழுச் சூட்டில் காத்திருக்கும், அங்கே போனால் அடி கருகும்.

சைவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும்

நேப்பிள்ஸ் சைவருக்கு நல்ல ஊர்தான். ஆனால் இறைச்சி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகும் ஊரும் கூட. ஸ்த்ரூத்தோ எனப்படும் பன்றிக்கொழுப்பு மரபுப்படி பல மாவுகளில் சேரும்: அடுக்கடுக்கான ஸ்ஃபோலியதெல்லாவில், மிளகும் பாதாமும் போட்ட தராலி வளையங்களில், ஈஸ்டர் பண்டமான பாஸ்தியேராவின் மேலோட்டில். பொரித்த பீட்சாவின் ரிக்கோட்டா என்ற மென்சீஸோடு சீக்கொலி என்ற பன்றிக்கொழுப்புத் துணுக்கு வரும். வேண்டாம் என்றால் இல்லாமலும் செய்து தருவார்கள். உருளைக்கிழங்குக் குரோக்கே ஒன்றில் இறைச்சித் துண்டு இருக்கலாம், பாஸ்தாவைத் திரட்டிப் பொரிக்கும் ஃப்ரித்தத்தீனாவில் கொத்திறைச்சி இருக்கும். கீரை வைத்த பீட்சாவில் நெத்திலி ஒளிந்திருக்கும். உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் புகையூட்டிய புரோவோலா சீஸும் சேர்ந்த அருமையான வீட்டுச் சாப்பாட்டிலும் தாளிப்புக்குப் பன்றிக்கொழுப்பு போடுவது வழக்கம்.

மூன்று சொற்றொடர் போதும். "நியென்தே கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம். "நியென்தே பெஷே" என்றால் மீன் வேண்டாம். "ச்செ ஸ்த்ரூத்தோ?" என்றால் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா. வெறுமனே சைவம் என்று சொன்னால் கொழுப்பைப் பலர் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதைத் தனியாகக் கேளுங்கள். சீஸில் கண்டிப்பு உள்ளவர்களுக்கு: புவியியல் குறியீடு பெற்ற எருமைப்பால் மொசரெல்லாவிலும் பார்மிஜானோவிலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. அவர்களுக்கு மரினாரா, தக்காளி ஸ்பகெத்தி, பொரித்த காய்கறி இவைதான் பாதுகாப்பு. பாபா என்ற பஞ்சு போன்ற இனிப்பில் ரம் உண்டு. வெந்த பிறகு பாகில் ஊறவைப்பதால் அந்தச் சாராயம் ஆவியாகிப் போவதில்லை.

காபி

பார் என்று இங்கே அழைக்கப்படும் காபிக் கடைகளில் பெரும்பாலும் முதலில் கல்லாவில் பணம் கட்டி, சீட்டை வாங்கிக்கொண்டு, நின்று குடிக்கும் மேடைக்குப் போக வேண்டும். சீட்டை மேடையில் வைத்தால் காபி போடும் பாரிஸ்தா கவனிப்பார். பக்கத்தில் வைக்கும் தண்ணீரை முதலில் குடியுங்கள். அது நாக்கைக் கழுவ, காபிக்குப் பிறகு குடிக்க அல்ல. கோப்பையைக் கொதிநீரில் போட்டு வைத்திருப்பார்கள், உதடு சுடும். கோப்பையை உதட்டில் வைக்கும் முன் விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். சில கடைகளில் சர்க்கரை போட்டே தருவார்கள். வேண்டாமென்றால் கேட்கும்போதே "அமாரோ" என்று சொல்லிவிட வேண்டும்.

இங்கே கொட்டையைக் கருக்க வறுப்பார்கள், பல கலவைகளில் ரொபஸ்டா வகைக் கொட்டை சேரும். குறைவாக, அடர்த்தியாக, மேலே தடித்த நுரையோடு வரும். நுரை வெளிறிப் போய், நீராக ஓடினால் அரைத்த பொடி பெரிதாக இருக்கிறது. எரிந்த வாசமும் நாக்கின் ஓரத்தில் இழுக்கும் கசப்பும் இருந்தால் இயந்திரத்திலிருந்து கூடுதலாக வடியவிட்டிருக்கிறார்கள். நின்று குடித்தால் சாதாரணப் பாரில் ஒன்றரை யூரோவைப் பெரும்பாலும் தாண்டாது. உட்கார்ந்தால் விலை வேறு, சில இடங்களில் பல மடங்கு.

பியாட்சா த்ரியெஸ்தே எ த்ரெந்தோவில் 1860-இல் தொடங்கிய கஃபே காம்ப்ரீனுஸின் உட்கூடம் பார்க்க வேண்டியதே. ஓவியங்களும் விதானமும் உள்ள அந்தக் கூடத்தில் உட்கார்ந்து கொடுக்கும் பணம் இடத்துக்கானது, காபிக்கானது அல்ல என்று தெரிந்தே கொடுங்கள். மேடையில் நின்றால் இரண்டையும் குறைந்த செலவில் பெறலாம். கஃபே சோஸ்பேசோ என்ற பழக்கமும் இங்கே உண்டு: ஒரு காபி குடித்து இரண்டுக்குப் பணம் கட்டினால், கையில் காசில்லாமல் வரும் யாரோ ஒருவருக்கு அந்த இரண்டாவது காபி காத்திருக்கும். கேட்டால் எழுதி வைப்பார்கள். இந்த ஊரில் ஒரு பயணி செய்யக்கூடியவற்றில் இதைவிட அழகான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இனிப்பு

ஸ்ஃபோலியதெல்லாவில் இரண்டு வகை. ரிச்சா என்பது நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகளோடு சிப்பி வடிவில், கடித்தால் நொறுங்கும். ஃப்ரோல்லா வழவழப்பான பிஸ்கட் மாவில் மூடியது. உள்ளே இரண்டுக்கும் ஒன்றே: பாலோ தண்ணீரோ விட்டு வேகவைத்த ரவை, ரிக்கோட்டா, முட்டை, இலவங்கப்பட்டை, சர்க்கரைப்பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல். அமால்ஃபி கடற்கரையின் சாந்தா ரோசா மடத்துக் கன்னியர் கையில் பிறந்து, 1818-இல் பாஸ்குவாலே பிந்தாவ்ரோ மூலம் வியா தொலேதோவுக்கு வந்தது என்பது ஊர் சொல்லும் வரலாறு.

கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள். ரிச்சா ஆறினால் மடிப்புகள் ஈரம் இழுத்துத் தோலாகும், கொழுப்பு உறைந்து அண்ணத்தில் ஒட்டும். அடுப்பிலிருந்து தட்டு வெளியே வரும் நேரத்தில் வாங்க வேண்டும். ரயில் நிலையத்துக்கு அருகே வீக்கோ ஃபெர்ரோவியாவில் உள்ள அத்தனாசியோ, சூடாக எடுத்துக் கொடுப்பதற்கே பெயர் வாங்கிய கடை. வந்து இறங்கியதும் பெட்டியோடு போய் நிற்கலாம். உள்ளே பூரணம் கொதிக்கும். ஓரத்தை ஒரு கடி கடித்து ஆவியை வெளியே விட்டுவிட்டு, இரண்டு நிமிடம் பொறுங்கள்.

பாபாவை அழுத்திப் பார்த்தால் பஞ்சுபோல் அமுங்கி எழ வேண்டும், நடுவரை பாகு ஏறியிருக்க வேண்டும். நடுவில் உலர்ந்த ரொட்டி தெரிந்தால் அவசரத்தில் ஊறியது. பாஸ்தியேரா ஈஸ்டருக்கானது. கோதுமை, ரிக்கோட்டா, ஆரஞ்சுப்பூ நீர் சேர்ந்த அந்தப் பண்டம் மட்டும் இந்த ஊரின் அவசரத்துக்கு விதிவிலக்கு. செய்து ஓரிரு நாள் கிடந்தால்தான் மணம் ஒன்றுசேரும்.

சந்தையும் ஞாயிறும்

காலையில் மொந்தெசாந்தோ நிலையத்தை ஒட்டிய பிஞ்யசெக்கா சந்தைக்குப் போங்கள். மீன்கடைகளுக்கு நடுவே கூம்புத் தாளில் பொரித்த மீனும் கணவாயும் கிடைக்கும், அதுதான் குவோப்போ. நீங்கள் கேட்ட பிறகு எண்ணெயில் போடும் கடையாக இருக்க வேண்டும், குவித்து வைத்ததாக இருக்கக் கூடாது. வெயிலில் களைத்தால் பழைய தண்ணீர்க் கடைகளில் எலுமிச்சைச் சோடா கேளுங்கள். பிழிந்த எலுமிச்சையில் சோடா ஊற்றி, கடைசியில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டதும் பொங்கி வழியும். கால்களை அகட்டி, முன்னே குனிந்து, பொங்கி அடங்குவதற்குள் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். சட்டை நனையாமல் குடிப்பது பழக்கத்தில் வரும்.

ரகூ ஞாயிறு மதியத்துக்கு உரியது. தக்காளியில் இறைச்சித் துண்டுகள் பல மணி நேரம், மிக மெல்லக் கொப்புளம் விடும் தீயில் கிடக்கும். நீண்ட சீத்தி பாஸ்தாவைக் கையால் ஒடித்துப் போட்டு அந்தச் சாற்றோடு முதலில் பரிமாறுவார்கள், இறைச்சி பிறகு தனியாக வரும். ஜெனொவேசே இன்னொன்று: ஏராளமான வெங்காயம் மாட்டிறைச்சியோடு கரைந்து பழுப்பாகும்வரை வேகும். ஞாயிறு மதியத்துக்கு இருக்கையை முன்பே சொல்லி வையுங்கள், ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். மதியச் சமையலறை மூன்று மணியளவில் மூடிவிடும். இரவு ஏழரைக்கு முன் திறந்து, வாசலில் ஆள் நின்று கூப்பிடும் கடையைத் தவிர்ப்பது நல்லது. ரசீதில் கோப்பெர்த்தோ என்று தலைக்கு ஓரிரு யூரோ இருக்கும், அது இருக்கைக் கட்டணம், மோசடி அல்ல. செர்வீசியோ என்று சதவீதம் தனியாகச் சேர்த்திருந்தால் அதற்கு மேல் அன்பளிப்பு வைக்கத் தேவையில்லை.

பார்க்க வேண்டியவை

செவ்வாய்க்கிழமையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சான்செவேரோ சிற்றாலயமும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகமும் அன்று மூடியிருக்கும். ஊரின் தலையாய இரண்டும் அவைதான். செவ்வாயைப் பொம்பேய்க்குக் கொடுத்துவிடுவது எளிய வழி.

சான்செவேரோவில் இருப்பது ஜூசெப்பே சான்மார்த்தீனோ 1753-இல் செதுக்கிய, திரை போர்த்திய கிறிஸ்து. இறந்த உடலின் மேல் ஈரத்துணி ஒட்டிக் கிடக்கிறது. நெற்றி நரம்பும், காயம் பட்ட கையும் துணி வழியே தெரிகின்றன. துணியும் உடலும் ஒரே பளிங்கு. நிஜத் துணியை ரசவாதத்தால் கல்லாக்கினார் என்று இந்த ஆலயத்தைப் புதுப்பித்து அமைத்த இளவரசர் ரைமோந்தோ தி சாங்ரோவைப் பற்றி ஒரு கதை வெகுகாலம் உலவியது. காலடிப் பக்கம் நின்று, தலை வரை மடிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். பிறகு சுவரோரம் ஃப்ரான்செஸ்கோ கெயிரோலோவின் சிற்பம்: வலையில் சிக்கிய மனிதன், அந்த வலையின் ஒவ்வொரு முடிச்சும் கல். இடம் சிறியது, படம் எடுக்க அனுமதி இல்லை. அதனாலேயே எல்லோரும் உண்மையில் பார்க்கிறார்கள். சீட்டில் நேரம் குறித்திருக்கும், நாட்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். விமானச் சீட்டு வாங்கிய கையோடு இதையும் வாங்குங்கள். வாசலில் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

அதே பழைய நகரில், வியா தெய் த்ரிபுனாலியில், பியோ மோந்தே தெல்லா மிசெரிகோர்தியா என்ற அறநிலைய ஆலயம். 1607-இல் கரவாஜ்ஜோ வரைந்த ஏழு இரக்கச் செயல்கள் ஓவியம், எந்த அறநிலையத்துக்காக வரையப்பட்டதோ அங்கேயே இன்றும் இருக்கிறது. பசித்தவருக்கு உணவு என்பதை அவர் காட்டும் விதம் அதிர வைக்கும்: சிறைக் கம்பி வழியே தந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டும் மகள். கூட்டம் குறைவு. வெளியே பீட்சாக் கடையில் எண் வாங்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் கூட உள்ளே போய் நிற்கலாம். சாந்தா கியாராவின் பூவேலை ஓடுகள் பதித்த முற்றம் மதிய வெயிலுக்கு ஏற்றது. சான் க்ரெகோரியோ அர்மேனோ தெருவின் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக் கைவினைஞர்களை நவம்பர், டிசம்பர் தவிர்த்து மற்ற மாதங்களில் பாருங்கள். அந்த இரு மாதமும் தெருவில் நகரவே முடியாது.

தரைக்கடியில் இன்னொரு ஊர் இருக்கிறது. பியாட்சா சான் காயத்தானோவில் தொடங்கும் நாப்போலி சோத்தெர்ரானேயா வழிகாட்டியோடு மட்டுமே இறங்க முடியும். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், சுமார் 40 மீட்டர் ஆழம். கிரேக்கர் மென்கல் வெட்டிய குழிகள், ரோமர் கையில் நீர்க்கால்வாயாகி, இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுப் புகலிடமாயின. கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு மேல்சட்டை வேண்டும். ஒரு பகுதியில் பக்கவாட்டில் நடந்தால்தான் நுழைய முடிகிற குறுகல் வரும். மூச்சு முட்டும் என்று பயப்படுபவர்கள் அதை விட்டுவிட்டு வெளியே நிற்கலாம், வழிகாட்டியிடம் முன்பே சொல்லுங்கள்.

தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பொம்பேய்க்கு முன்பே பார்ப்பது நல்லது. பொம்பேயின் சிறந்த சுவரோவியங்களிலும் தரைச் சித்திரங்களிலும் பல அங்கே இல்லை, இங்கேதான் இருக்கின்றன. ஃபார்னேசே ஹெர்குலிஸ் சிலைக்காகவும், 1831-இல் கண்டெடுத்த அலெக்சாண்டர் தரைச்சித்திரத்துக்காகவும் எல்லோரும் வருவார்கள். உணவில் நாட்டமுள்ளவர்கள் கரிந்து போன ரொட்டிகளையும், பீச் பழமும் தண்ணீர்க் குவளையும் வரைந்த சுவர்த் துண்டையும் தேடிப் பார்க்க வேண்டும். சில அறைகள் முன்னறிவிப்பு இல்லாமல் மூடியிருக்கும். சீட்டு வாங்கும்போதே எவை என்று கேட்டு, திறந்திருப்பவற்றில் முக்கியமானதை முதலில் பாருங்கள்.

பொம்பேயில் ஐந்தாம் பகுதியின் உணவுக்கடையை விடாதீர்கள். 2021 முதல் பொதுமக்கள் பார்க்கலாம். மேடையில் பதித்த சாடிகள், முன்பக்கத்தில் வாத்தும் சேவலும் வரைந்த வண்ணம் மங்காத ஓவியங்கள். நின்று சாப்பிடும் வழக்கம் இந்தக் கரையில் எவ்வளவு பழையது என்று அங்கே விளங்கும். 2023-இல் கிடைத்த தட்டை ரொட்டி ஓவியத்தைப் பீட்சாவின் மூதாதை என்று பேசினார்கள். ஆனால் அந்த ஓவியம் வரைந்த காலத்தில், தக்காளி ஐரோப்பாவுக்கு வர இன்னும் பதினான்கு நூற்றாண்டுக்கு மேல் பாக்கி.

பொம்பேய்க்குப் போக, நேப்பிள்ஸின் கரிபால்தி நிலையத்திலிருந்து சொரெந்தோ செல்லும் சிர்கும்வெசுவியானா ரயில். இறங்க வேண்டியது பொம்பேய் ஸ்காவி - வில்லா தெய் மிஸ்தேரி நிலையம். அரை மணியைச் சற்று தாண்டும். பொஜ்ஜோமரீனோ வழித்தட ரயிலில் ஏறினால் வேறு பொம்பேய் நிலையத்தில் இறங்குவீர்கள். வண்டி பழையது, நெரிசல், பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற உச்சவரம்பும், சீட்டில் பெயரும் வந்துவிட்டன. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். உள்ளே நிழல் மிகக் குறைவு, கற்சாலை மேடுபள்ளம். திறந்த முதல் இரண்டு மணி நேரமே பார்க்கத்தக்க நேரம், கோடையில் அதற்குப் பிறகு கல்லே சுடும்.

ஊருக்குள் சுற்றும்போது மெட்ரோவின் ஒன்றாம் தடத்தில் தொலேதோ நிலையத்தில் ஒரு முறையாவது இறங்குங்கள். 2012-இல் திறந்தது, 50 மீட்டர் ஆழம், மேலிருந்து நீல ஒளி கிணறுபோல் இறங்கும். வெளியே வந்தால் 1737-இல் கட்டிய சான் கார்லோ இசை அரங்கு நடை தூரம். நிகழ்ச்சி இல்லாவிட்டாலும் வழிகாட்டியோடு உள்ளே பார்க்கலாம். மாலையில் கயிற்று ரயிலில் வோமெரோ ஏறி, சாந்தெல்மோ கோட்டை மேலிருந்து வெசுவியஸ் எரிமலையைப் பாருங்கள். பழைய நகரைக் கோடாகப் பிளக்கும் ஸ்பக்கநாப்போலி தெரு அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும்.

திரும்பும் நாளில்

மொசரெல்லாவைக் கடைசி நாள் காலையில் வாங்குங்கள், அன்று செய்ததா என்று கேட்டு. நீரோடு கட்டித் தருவார்கள்; அந்த நீரிலேயே இருக்கட்டும், குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், வைத்தால் இறுகிப் பால்வாசம் போய்விடும். வைத்தே தீர வேண்டுமென்றால் சாப்பிடும் முன் பையோடு வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் இட்டு மீட்கலாம். வெட்டினால் வெண்மையான மோர் கசிய வேண்டும், வெட்டிய முகம் ஏடு ஏடாகப் பிரிய வேண்டும். கசிவே இல்லாமல் ரப்பராக இருந்தால் பழசு. அந்த நீர் விமானத்தின் கைப்பையில் திரவக் கணக்கில் சேரும் என்பதால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். பெட்டியில் போட்டு அனுப்புங்கள், அல்லது விமான நிலையத்தில் சோதனை தாண்டியபின் வாங்குங்கள். அன்றிரவுக்குள் சாப்பிட முடியாத தூரத்துக்குப் போகிறவர்கள் அதை விட்டுவிட்டு, க்ரஞ்யானோ ஊரின் பாஸ்தாவை வாங்குவது மேல். மேற்பரப்பு சொரசொரப்பாக, மாவு படிந்ததுபோல் வெளிறி இருக்கும் பொட்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். சாறு அதில்தான் பிடிக்கும்.